காரின் வயதைக் கேட்காதீர்கள், அடியில் குனிந்து பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மலரில், பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க விரும்புவோருக்காக வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். எம்ஜிபி காருக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகை முழுப் பக்கம் ஒதுக்கியதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. கதவுக்குக் கீழே துரு எப்படி உள்ளிருந்து தின்னும் என்பதையும், புதுப் பெயின்ட்டுக்குப் பின்னால் எதைத் தேட வேண்டும் என்பதையும் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருந்தார். ஆனால் பின் அச்சைப் பற்றி அவர் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை அப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை. எஞ்சினின் சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல்; அது இருக்கும் பின் அச்சு எம்ஜிபியில் இரண்டு வகை. 1967க்கு முன் பதிவான கார் என்றால் பாஞ்சோ வகை டிஃபரன்ஷியல், அதற்குப் பின் என்றால் சாலிஸ்பரி வகை என்று எழுதியிருந்தார். அந்த வரியை நம்பி உதிரிப்பாகம் வாங்குகிறவர் காசை இழப்பார். அதை நம்பி எண்ணெய் ஊற்றுகிறவர் அச்சையே இழக்கலாம்.

நான் யாழ்ப்பாணத்தில் மொரிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களுக்கு அடியில் படுத்துத் தொழில் பழகியவன். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் அது. புதிய பாகம் என்ற பேச்சே இல்லை. ஒரு காரின் கியர்பெட்டி இன்னொரு காரில் இருக்கும், மூன்றாவது காரின் அச்சு அதற்குப் பின்னால் இருக்கும். பதிவுப் புத்தகத்தைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. கழற்றிப் பார், தொட்டுப் பார், எண்ணிப் பார் என்றுதான் எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் சொல்வார். பிறகு இங்கிலாந்துக்கு வந்து, ஒக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் ஒரு கராஜில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். எம்ஜி கார்கள் பிறந்த அபிங்டன் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். நான் பழகிய மொரிஸ் ஒக்ஸ்போர்டின் 1489 சிசி எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் ஒரே குடும்பம் என்பதால், முதல் எம்ஜிபியின் பானெட்டைத் திறந்தபோதே எனக்கு அந்நியமாக எதுவும் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எம்ஜிபி 1962இல் மேல்மூடி திறக்கும் ரோட்ஸ்டராக வந்தது. அதற்கு முந்தைய எம்ஜிஏ காரின் வழியில் வந்த பாஞ்சோ வகை அச்சுதான் அதில் இருந்தது. 1965 ஒக்டோபரில் கூரையும் பின்கதவும் கொண்ட எம்ஜிபி ஜிடி வந்தது. ஜிடியின் எடை அதிகம். அதற்கு ஆரம்பத்திலிருந்தே குழாய் வகை அச்சைத்தான் பொருத்தினார்கள். சாலிஸ்பரி வகை என்று கராஜ்களில் சொல்வது இதைத்தான். ஆகவே 1966இல் பதிவான ஜிடி ஒன்றைக் கட்டுரையாளரின் கணக்குப்படி பார்த்தால் பாஞ்சோ என்றுதான் வரும். அடியில் போய்ப் பார்த்தால் சாலிஸ்பரி இருக்கும். ரோட்ஸ்டருக்கு இந்த மாற்றம் 1967இன் நடுப்பகுதியில் வந்தது. அந்த ஆண்டின் இறுதியில்தான் எல்லா முன் கியர்களுக்கும் சின்க்ரோ (கியர் மாற்றும்போது பற்கள் உரசாமல் சேர உதவும் அமைப்பு) கொண்ட 'மார்க் 2' என்ற இரண்டாம் பதிப்பு வந்தது. அதனால் 'மார்க் 1 என்றால் பாஞ்சோ' என்று கிளப்காரர்கள் சொல்லும் கணக்கும் முழுக்கச் சரியில்லை. கடைசி மார்க் 1 ரோட்ஸ்டர்கள் பலவற்றில் குழாய் அச்சு தொழிற்சாலையிலேயே ஏறிவிட்டது.

இது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளின் கதை மட்டும்தான். அதன் பிறகு அறுபது வருடங்கள் ஓடிவிட்டன. தயாரான கார் விற்பனையாளரின் முற்றத்தில் மாதக்கணக்கில் நின்று, பிறகு பதிவானது உண்டு. எம்ஜிபிகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. அங்கிருந்து திரும்பி வந்த கார்களுக்கு இங்கே பிற்காலத்தில்தான் எண் கொடுத்தார்கள். முறிந்த அச்சுக்குப் பதிலாகப் பழைய இரும்புக்கடையிலிருந்து கிடைத்ததைப் போட்டவர்கள் எத்தனையோ பேர். இதில் இன்னொரு விஷயத்தையும் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எம்ஜிஏ வைத்திருப்பவர்கள் தங்கள் காரின் 4.3 விகித (சக்கரம் ஒருமுறை சுற்ற, எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் தண்டு 4.3 முறை சுற்றும்) டிஃபரன்ஷியலைக் கழற்றிவிட்டு, ஆரம்பகால எம்ஜிபியின் பாஞ்சோவிலிருந்து 3.9 விகித நடுப்பாகத்தை எடுத்துப் பொருத்துவது மிகப் பிரபலமான வேலை. நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாமல் ஓடும் என்பதற்காகச் செய்கிறார்கள். அப்படியானால் கொடுத்த எம்ஜிபிக்குள் இப்போது என்ன இருக்கிறது? சிலவற்றில் எம்ஜிஏயின் 4.3 இருக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இங்கிலாந்தில் கேடனில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து ஒவ்வொரு காருக்கும் சான்றிதழ் தருகிறது. அருமையான சேவை, நான் மதிக்கிறேன். காரின் பிறந்த தேதி, எஞ்சின் எண், முதல் நிறம் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் இன்று உங்கள் காருக்கு அடியில் என்ன தொங்குகிறது என்பதை எந்தக் காகிதமும் சொல்லாது.

அடியில் தொங்குவதை அடையாளம் காண்பது கடினமான வேலையும் இல்லை. காரின் பின்பக்கத்தில், பெட்ரோல் தாங்கிக்கு முன்னால் கையை நீட்டினால் அச்சின் நடுவிலுள்ள உருண்ட கூடு தட்டுப்படும். பின்பக்கத்தை நோக்கி இருக்கும் அதன் முகத்தைத் தடவிப் பாருங்கள். பழைய காராக இருந்தால் எண்ணெயும் மண்ணும் கலந்து தார் போல இறுகிய ஒரு படை அங்கே இருக்கும். மரத்துண்டால் அதைச் சுரண்டிவிட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடையுங்கள். முகம் முழுவதும் மழமழவென்று குவிந்து, எந்த போல்ட்டும் இல்லாமல் இருந்தால் அது பாஞ்சோ. சந்தேகம் தீர முன்பக்கத்தையும் பாருங்கள். கியர்பெட்டியிலிருந்து வரும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தைச் சுற்றி வட்டமாக நட்டுகள் இருக்கும். அந்த நட்டுகள்தான் டிஃபரன்ஷியலின் நடுப்பாகத்தைக் கூட்டோடு பிடித்து வைத்திருக்கின்றன.

பின்முகத்தில் தகட்டு மூடி ஒன்று இருந்து, அதன் விளிம்பைச் சுற்றி போல்ட் தலைகள் வரிசையாக விரலில் தட்டுப்பட்டால் அது சாலிஸ்பரி. அதில் நடுக்கூடு வார்ப்பிரும்பு, இருபக்கமும் எஃகுக் குழாய்களை அதற்குள் இறுக்கியிருப்பார்கள். குழாய் வார்ப்பிரும்புக்குள் நுழையும் இடம் டார்ச் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். முன்பக்கத்தில் நட்டு வட்டம் இருக்காது. பினியன் என்ற சிறிய பற்சக்கரம் இருக்கும் மூக்குப் பகுதி கூட்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். பழகிய கைக்கு டார்ச்சுகூடத் தேவையில்லை.

பார்த்துத் தெரிந்துகொண்டால் என்ன லாபம் என்று வாசகர்கள் கேட்கலாம். முதல் லாபம் எண்ணெய். பாஞ்சோ அச்சுக்கு 2¼ பைன்ட், அதாவது சுமார் 1.28 லீட்டர் எண்ணெய் வேண்டும். குழாய் அச்சுக்கு 1½ பைன்ட், சுமார் 0.85 லீட்டர் போதும். சாலிஸ்பரியின் அளவை ஒருவர் பாஞ்சோவுக்குள் ஊற்றினால் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மேட்டில் ஏறும்போதும் வேகமாகத் திரும்பும்போதும் பினியன் பேரிங் காய்ந்துபோகும். முதலில் மெல்லிய முனகல் கேட்கும். வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர் அதைக் கவனிக்க மாட்டார். ஊற்றுகிற அளவைவிட, காரைச் சமதளத்தில் நிறுத்தி, நிரப்பும் துளையின் விளிம்பு வரை எண்ணெய் வந்து வழிகிறதா என்று பார்ப்பதே பத்திரமான முறை. எண்ணெய், டிஃபரன்ஷியல் பற்களுக்கான 90 தர ஹைபாய்ட் எண்ணெயாக இருக்க வேண்டும்.

அடுத்தது வேலையின் தன்மை. பாஞ்சோவைத் திருத்துவது வீட்டுக் கராஜில் நிதானமாகச் செய்யக்கூடிய வேலை. எண்ணெயை வடித்து, இருபக்க அச்சுத் தண்டுகளையும் வெளியே இழுத்து, ஷாஃப்டைக் கழற்றி, முன் நட்டுகளை எடுத்தால் நடுப்பாகம் அப்படியே முன்னால் வந்துவிடும். கனமானது, கூட ஓர் ஆள் இருந்தால் நல்லது. அதை மேசையில் வைத்து ஆறுதலாகப் பார்க்கலாம், இல்லையென்றால் நல்ல நிலையில் உள்ள இன்னொன்றை வாங்கி மாற்றலாம்.

சாலிஸ்பரி முற்றிலும் வேறு சங்கதி. மூடியைக் கழற்றியதும் கிரவுண் வீல் என்ற பெரிய பற்சக்கரமும் எல்லாப் பற்களும் கண்ணுக்கு முன்னால் நிற்கும். பார்ப்பதற்கு பாஞ்சோவைவிட எளிது. அந்த எளிமையை நம்பித்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். பேரிங்குகளை உள்ளே இறுக்கமாக அமர வைத்திருப்பார்கள். வார்ப்பிரும்புக் கூட்டை அதற்கான கருவியால் மயிரிழை அளவு விரித்தால்தான் டிஃபரன்ஷியல் வெளியே வரும். அந்தக் கருவி இல்லாமல் கடப்பாறையை இருபக்கமும் கொடுத்து நெம்பி எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். கூட்டின் விளிம்பில் கடப்பாறையின் பல் பதிந்திருந்தது. இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையங்களான இடப்பக்க ஷிம்மும் வலப்பக்க ஷிம்மும் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தன. எந்தப் பக்கத்தில் எத்தனை ஷிம் இருந்தது என்பது தெரியாமல் போனால் கிரவுண் வீலுக்கும் பினியனுக்கும் இடையிலான இடைவெளியை ஆரம்பத்திலிருந்து அளந்து மறுபடி அமைக்க வேண்டும். அளவுமானி இல்லாத வீட்டில் அது நடக்காது. ஆகவே உங்கள் காரில் இருப்பது சாலிஸ்பரி என்று தெரிந்தால், மூடியைத் திறந்து பாருங்கள், புதிய காஸ்கெட் போட்டு மூடுங்கள். அதற்கு மேல் உள்ளதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். அதன் தகட்டு மூடிக்கு அடியில் ஜாக் கொடுத்துக் காரைத் தூக்கவும் கூடாது. மூடி நெளிந்து எண்ணெய் கசியத் தொடங்கும்.

கட்டுரையாளரின் கணக்கு என்ன செய்யும் என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். ரெடிங்கில் இருக்கும் ஒரு தம்பி 1966 ஜிடி ஒன்றை வாங்கினார். பின்சக்கரத்துக்குள் எண்ணெய் கசிந்தது. உதிரிப்பாகக் கடை ஒன்றுக்குத் தொலைபேசியில் கேட்டார். அவர்கள் ஆண்டை மட்டும் கேட்டுவிட்டு, பாஞ்சோ அச்சுக்கான சீல்களையும் காஸ்கெட்டுகளையும் அனுப்பிவிட்டார்கள். எதுவும் பொருந்தவில்லை. திருப்பி அனுப்பினால் பொதியைத் திறந்துவிட்டீர்கள் என்று சொல்லிப் பணத்தைத் தர மறுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை தன் சேமிப்பில் வாங்கிய கார் அது. ஆண்டைக் கேட்ட அதே தொலைபேசியில் "பின்முகத்தில் போல்ட் இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

வகையைக் கண்டுபிடித்த பிறகு விகிதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சாதாரண எம்ஜிபியில் கிரவுண் வீலுக்கு 43 பல், பினியனுக்கு 11 பல், விகிதம் 3.909. எம்ஜிஏயின் 4.3 விகிதத்தில் 43க்கு 10. எம்ஜிபி ஜிடி வி8 காரின் 3.07 விகிதத்தில் 43க்கு 14. மூன்றிலும் கிரவுண் வீலுக்கு 43 பல்தான் என்பதைக் கவனியுங்கள். மூடியைத் திறந்து பெரிய சக்கரத்தின் பற்களை மட்டும் எண்ணிவிட்டு 3.9 என்று முடிவு கட்டுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வி8 அச்சைச் சாதாரண எம்ஜிபியில் ஏற்றுவதும் நீண்ட காலமாக நடந்துவருகிறது.

திறக்காமலே எண்ணலாம். முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி உறுதியான தாங்கிகளில் வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. இரண்டு சக்கரங்களையும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்து, ஒரே திசையில் சேர்ந்தாற்போல் பத்துச் சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் 39 சுற்றும் கொஞ்சமும் சுற்றினால் 3.9. 43 சுற்றினால் 4.3. 31ஐ எட்டாமல் நின்றால் 3.07. ஒரு சுற்று மட்டும் சுற்றிப் பார்த்தால் பற்களுக்கிடையே உள்ள தளர்வு கணக்கைக் குழப்பும். பத்துச் சுற்றில் அந்தக் குழப்பம் இல்லை. தனி ஆளாக இருந்தால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, மற்றதைத் தரையில் விட்டு, இருபது சுற்று சுற்றினாலும் அதே எண்ணிக்கைதான் வரும். ஒரு சக்கரம் நின்றுவிட்டால் மற்றது இரண்டு மடங்கு சுற்றுவதுதான் டிஃபரன்ஷியலின் வேலை.

ஓட்டும்போதும் ஒரு தடயம் கிடைக்கும். 3.9 விகிதத்தில் நான்காவது கியரில் எஞ்சின் ஆயிரம் சுற்றுக்குச் சுமார் 18 மைல் வேகம். மணிக்கு 70 மைலில் போனால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் டாக்கோமீட்டர் 3900 பக்கம் நிற்க வேண்டும். ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) போடாமல் அது 4300ஐத் தொடுகிறது என்றால் உள்ளே 4.3 இருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். ஆனால் உண்மையான வேகத்தைச் செய்மதி வழிகாட்டியில் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் கியர்பெட்டியிலிருந்து இயங்குவதால், 4.3 உள்ள காரில் அதுவும் பத்து வீதம் கூட்டித்தான் காட்டும்.

இனி, சறுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல். விற்பனை விளம்பரங்களில் இந்தச் சொல்லை அள்ளி வீசுகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த எம்ஜிபிக்குள் இருந்தது சாதாரண, திறந்த டிஃபரன்ஷியல்தான். யாராவது பிற்பாடு மாற்றியிருந்தால்தான் உண்டு. இரண்டு சக்கரங்களையும் தூக்கி ஒன்றைச் சுற்றிப் பாருங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் திறந்த வகை. அதே திசையில் சேர்ந்து சுற்றினால் உள்ளே கிளட்ச் தகடுகள் இருக்கின்றன. இந்தச் சோதனையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் இது பாதி உண்மை. தகடுகள் இல்லாமல் பற்சக்கரங்களாலேயே பிடிமானம் தரும் வகையும் இருக்கிறது. பாரம் இல்லாமல் காற்றில் தொங்கும்போது அது திறந்த வகையைப் போலவே நடந்துகொள்ளும். அதற்காக அதிக விலை கேட்டால் பழைய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். சாலிஸ்பரி என்றால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மனச்சாட்சியுள்ள விற்பனையாளர் மறுக்க மாட்டார்.

கம்பிச் சக்கரம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கியரைப் போட்டு கிளட்சை விடும்போது பின்னால் 'டொக்' என்று கேட்டால், உடனே டிஃபரன்ஷியல் போய்விட்டது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். சக்கரத்தின் உட்பக்கத்திலும் ஹப்பிலும் உள்ள பல்வரிசை தேய்ந்தாலும் அதே சத்தம்தான். ஒருவர் காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்க, தூக்கிய சக்கரத்தை நீங்கள் முன்னும் பின்னும் அசையுங்கள். ஹப் அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் தேய்ந்தது பல்வரிசை. நல்ல டிஃபரன்ஷியலைக் கழற்றி ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் உண்டு, அதனால்தான் சொல்கிறேன். கம்பிச் சக்கரத்துக்கான குழாய் அச்சு, சாதாரணச் சக்கரத்துக்கானதைவிட நீளத்திலும் சற்றுக் குறைவு. மாற்று அச்சு வாங்குகிறவர்கள் நீளத்தையும் அளந்துகொண்டு போக வேண்டும்.

1980இல் அபிங்டன் தொழிற்சாலையை மூடும்போது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகள் அங்கிருந்து வெளியேறியிருந்தன. அவற்றை இன்று நம் பிள்ளைகளும் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். தங்கள் கையால் திருத்தி ஓட்ட விரும்புகிறார்கள். எனக்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி இல்லை. சனிக்கிழமைகளில் என்னிடம் வரும் பிள்ளைகள் உங்கள் பத்திரிகையின் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறார்கள். அச்சில் வந்தது என்பதால் அதைச் சரி என்றே எடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே அடுத்த ஞாயிறு மலரில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். ஜிடிக்கு 1965இலிருந்தே குழாய் அச்சு, ரோட்ஸ்டருக்கு 1967இன் நடுப்பகுதியிலிருந்து, எதுவானாலும் பின்முகத்தில் போல்ட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவு என்று போட்டால் போதும். இடம் இருந்தால் இரண்டு எண்ணெய் அளவுகளையும் சேர்த்துப் போடுங்கள். கூடவே இரண்டு வகைக் கூடுகளின் பின்முகத்தையும் காட்டும் படம் ஒன்று வந்தால் இன்னும் நல்லது. படம் உங்களிடம் இல்லையென்றால் நான் எடுத்து அனுப்புகிறேன். இரண்டு வகையும் தற்சமயம் என் கொட்டிலில் இருக்கின்றன.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வாகனத் திருத்துநர்,
ஒக்ஸ்போர்ட்